இதயத்தின் தாளத்தைக் கோடாக்கியவர்: வில்லெம் ஐந்தோவன்

செனாயில் உள்ள மருந்தகமானாலும் ஜொகூர் பாருவில் உள்ள பெரிய மருத்துவமனையானாலும், நெஞ்சு படபடக்கிறது என்று வருபவருக்கு எடுக்கப்படும் முதற்சோதனைகளுள் ஒன்று இதய மின்வரைபடம். இ.சி.ஜி. என்னும் சுருக்கப் பெயரால் இதனைப் பலரும் அறிவர். நோயாளி கட்டிலில் அசையாமல் படுத்திருப்பார். அவருடைய நெஞ்சிலும் கை கால்களிலும் சிறு பட்டைகளை ஒட்டுவார்கள். சில நிமிடங்களில் மேடும் பள்ளமுமான கோடுகள் தாளில் பதிந்துவிடும். இதில் ஊசி இல்லை, வலியும் இல்லை. இதயம் துடிக்கும்போது உண்டாகும் மின்சாரமே அக்கோடுகளை வரைகிறது.

மனிதனின் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஆயினும், அத்துடிப்பை நம்பகமான முறையில் பதிவுசெய்யும் வழியை மனிதன் கண்டறிந்தது கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அவ்வழியைக் காட்டியவர் வில்லெம் ஐந்தோவன். நெதர்லாந்து நாட்டின் அறிவியலாளர் என்றே உலகம் அவரை அறியும். ஆனால், அவர் பிறந்து வளர்ந்தது நமது அண்டை நாடான இந்தோனேசியாவில் என்பது பலருக்கும் தெரியாது.

தந்தையை இழந்த சிறுவன்

ஜொகூருக்குத் தென்கிழக்கே, கடலைக் கடந்து ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் தொலைவில் ஜாவாத் தீவின் வட கரையில் செமாராங் என்னும் துறைமுக நகரம் உள்ளது. 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் ஐந்தோவன் அங்குப் பிறந்தார். அக்காலத்தில் ஜாவா, டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அவருடைய தந்தையார் யாக்கோப் ஐந்தோவன் ஓர் இராணுவ மருத்துவர். பின்னர் செமாராங் நகரிலேயே மருத்துவப் பணி ஆற்றியவர். குடும்பத்தில் ஆண் மக்கள் மூவர், பெண் மக்கள் மூவர். ஆண் மக்களுள் மூத்தவர் வில்லெம்.

அவருக்கு ஆறு வயதானபோது தந்தையார் காலமானார். ஆறு பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு தாயாரின் தோளில் விழுந்தது. நான்கு ஆண்டுகள் ஜாவாவிலேயே வாழ்ந்த அவர், 1870ஆம் ஆண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நெதர்லாந்துக்குச் சென்று உட்ரெக்ட் நகரில் குடியேறினார். பத்து வயதுச் சிறுவனான வில்லெம், வெப்பமும் மழையும் நிறைந்த தீவை விட்டு, குளிர் மிகுந்த நாட்டில் புதிய வாழ்க்கையைத் தொடங்கினார்.

உடைந்த மணிக்கட்டும் ஓர் ஆய்வும்

தந்தையைப் போலவே மருத்துவராக வேண்டும் என்னும் எண்ணத்துடன், 1878ஆம் ஆண்டு ஐந்தோவன் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் எந்நேரமும் புத்தகத்துடன் இருந்த மாணவர் அல்லர். உடற்பயிற்சி, வாள்வீச்சு, படகு ஓட்டுதல் ஆகியவற்றிலும் முன்னின்றார். மாணவர்களுக்கான படகுக் கழகம் தோன்றுவதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ஒருமுறை அவர் தவறி விழுந்ததால் மணிக்கட்டு உடைந்தது. வீட்டிலேயே முடங்கிக் கிடக்க வேண்டிய நிலை. அந்த ஓய்வு நாள்களை அவர் வீணாக்கவில்லை. உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும்போது முன்கை எலும்புகள் எவ்வாறு இயங்குகின்றன என்று ஆராயத் தொடங்கினார். தம் உடலுக்கு நேர்ந்த துன்பத்தையே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார். உடலின் இயக்கத்தை அளந்து, கணக்கிட்டு, விளக்க வேண்டும் என்னும் ஆர்வம் மாணவப் பருவத்திலேயே அவரிடம் வேரூன்றிவிட்டது.

1885ஆம் ஆண்டு அவர் முனைவர் பட்டம் பெற்றார். வெவ்வேறு வண்ணங்கள் கண்ணுக்கு வெவ்வேறு தொலைவில் இருப்பதுபோல் ஏன் தோன்றுகின்றன என்பது அவருடைய ஆய்வுத் தலைப்பு. அந்த ஆய்வின் சிறப்பைக் கண்ட அறிஞர்கள், லெய்டன் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியர் பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தனர். 1886ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் அப்பதவியை ஏற்றபோது வயது 25தான். வாழ்நாளின் இறுதிவரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவர் அங்கேயே பணியாற்றினார்.

நாய் காட்டிய வழி

இதயம் துடிக்கும்போது சிறிதளவு மின்சாரம் உண்டாகிறது என்பதை அறிவியலாளர்கள் முன்பே அறிந்திருந்தனர். தவளையின் இதயத்தைக் கொண்டு அதனை மெய்ப்பித்தும் இருந்தனர். ஆனால், உயிருள்ள மனிதனின் நெஞ்சைத் திறக்காமல் அம்மின்சாரத்தை அளக்க முடியுமா என்பது பெரும் புதிராக இருந்தது.

1887ஆம் ஆண்டு இலண்டனில் ஆகஸ்டஸ் வாலர் என்னும் உடலியங்கியல் அறிஞர் அதனைச் செய்து காட்டினார். உடலின் மேற்பரப்பிலிருந்தே இதயத்தின் மின்சாரத்தைப் பதிவுசெய்ய முடியும் என்று அவர் நிறுவினார். பொதுமக்களுக்கு விளக்கும்போது, அவர் தம்முடைய ஜிம்மி என்னும் நாயையும் பயன்படுத்துவது உண்டு. உப்புநீர் நிறைந்த பாத்திரங்களில் காலை வைத்தபடி ஜிம்மி அமைதியாக நிற்கும். அதன் இதயத்துடிப்புக்கு ஏற்பக் கருவியில் அசைவு தோன்றும். 1889ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உடலியங்கியல் அறிஞர்களின் மாநாடு நடைபெற்றது. அங்கு வாலர் செய்துகாட்டிய சோதனையைப் பார்த்தவர்களுள் ஐந்தோவனும் ஒருவர்.

வாலர் பயன்படுத்திய கருவி மிக மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஆனது. அதனுள் பாதரசம் இருக்கும். மின்சாரம் மாறும்போது பாதரசம் சற்றே ஏறி இறங்கும். அவ்வசைவை ஒளிப்படமாக எடுப்பார்கள். ஆனால், பாதரசம் கனமான பொருள். இதயத்தின் வேகமான மாற்றங்களுக்கு ஈடுகொடுத்து அதனால் உடனுக்குடன் அசைய முடியவில்லை. எனவே, கிடைத்த கோடு இதயத்தின் உண்மையான வடிவத்தைக் காட்டாமல், மழுங்கிய வடிவத்தையே காட்டியது.

ஐந்தோவன் முதலில் இக்குறையைக் கணக்கின் துணையால் தீர்க்க முயன்றார். கருவி எவ்வளவு தாமதமாக அசைகிறது என்று அளந்தார். அதைக் கொண்டு, கோடு உண்மையில் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கணித்தார். ஒவ்வொரு பதிவுக்கும் நீண்ட கணக்குகள் தேவைப்பட்டன. 1895ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட திருத்திய கோட்டில் ஐந்து அலைகள் தெளிவாகத் தெரிந்தன. திருத்தாத கோட்டின் அலைகளுக்கு ஏ, பி, சி, டி என்னும் ஆங்கில எழுத்துகள் முன்பே வழங்கப்பட்டிருந்தன. ஆகவே, குழப்பம் வராமல் இருக்க, ஆங்கில அகரவரிசையின் பிற்பகுதியில் வரும் பி, கியூ, ஆர், எஸ், டி என்னும் ஐந்து எழுத்துகளைத் தம் அலைகளுக்குச் சூட்டினார். இன்று உலகின் எந்த மருத்துவமனையில் இதய மின்வரைபடம் எடுத்தாலும் மருத்துவர்கள் இப்பெயர்களையே பயன்படுத்துகின்றனர்.

அம்பும் இழையும்

ஒவ்வொரு கோட்டையும் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும் என்றால், மருத்துவமனையில் அது பயன்படாது. உண்மையான வடிவத்தை நேரடியாகவே வரையும் கருவி வேண்டும் என்று ஐந்தோவன் முடிவு செய்தார். பாதரசத்தின் கனம்தான் தடை என்றால், கனமே இல்லாத ஒரு பொருள் அசைய வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது ஓர் இழை.

குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லை உருக்கி, அதனை ஓர் அம்பின் முனையில் ஒட்டி, வில்லால் எய்வார்கள். அம்பு பறக்கும்போது அதன் பின்னால் உருகிய படிகம் நீண்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத இழையாக மாறும். அது தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. மின்சாரம் பாய்வதற்காக அதன்மீது வெள்ளி பூசப்படும். வலிமையான மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே அவ்விழையை நிறுத்துவார்கள். இதயத்தின் மின்சாரம் இழை வழியே பாயும்போது இழை பக்கவாட்டில் அசையும். அதன் நிழலைப் பல நூறு மடங்கு பெரிதாக்கி, நகரும் ஒளிப்படத் தகட்டில் விழச் செய்தால், இதயத்துடிப்பு கோடாகப் பதியும்.

பிரெஞ்சுப் பொறியாளர் கிளெமென்ட் ஆடர் என்பவர், கடலடித் தந்திச் செய்திகளைப் பெறுவதற்காக 1897ஆம் ஆண்டு இதனை ஓரளவு ஒத்த கருவி ஒன்றை அமைத்திருந்தார். ஆனால், இதயத்தின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனை உணரக்கூடிய நுட்பம் ஐந்தோவனின் கருவிக்கே இருந்தது. 1901ஆம் ஆண்டு அவர் தமது இழை மின்னோட்டமானியைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஈராண்டுகளில் அதன்வழி எடுத்த மனித இதயத்தின் வரைபடங்களை வெளியிட்டார். கணக்குப் போட்டுத் திருத்திய பழைய கோட்டையும் புதிய கருவி நேரடியாக வரைந்த கோட்டையும் ஒப்பிட்டபோது, இரண்டும் பெரிதும் ஒத்திருந்தன. பல ஆண்டுகள் அவர் போட்ட கணக்கு சரியே என்பது அதனால் உறுதியாயிற்று.

இழை மெல்லியதாக இருந்தாலும், கருவி மிகப் பெரியதாக இருந்தது. அதன் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். இரண்டு அறைகளை அது அடைத்துக்கொண்டது. இயக்குவதற்கு ஐந்து பேர் தேவைப்பட்டனர். மின்காந்தம் மிகவும் சூடேறியதால், ஓயாமல் நீர் பாய்ச்சிக் குளிர்விக்க வேண்டியிருந்தது. சோதிக்கப்படுபவர் இரு கைகளையும் இடக்காலையும் உப்புநீர் நிறைந்த பாத்திரங்களில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். இவ்வளவு பெரிய அமைப்பின் துணையால் கிடைத்தது, விரல் நீளத்திற்குச் சில கோடுகள் மட்டுமே.

மருத்துவமனைக்குச் சென்ற கம்பி

கருவி ஆய்வுக்கூடத்தில் இருந்தது. நோயாளிகளோ மருத்துவமனையில் இருந்தனர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவு. கருவியை நகர்த்த இயலாது. நெஞ்சு நோயால் வாடுபவரைத் தூக்கிவருவதும் எளிதன்று. நோயாளியும் வர முடியாது, கருவியும் போக முடியாது என்றால், இதயத்தின் மின்சாரத்தை மட்டும் வரவழைக்கலாமே என்று ஐந்தோவன் சிந்தித்தார்.

அவர் தொலைபேசிக் கம்பியைத் துணைக்கு அழைத்தார். லெய்டன் மருத்துவமனைக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் இடையே கம்பி இணைக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் நாள், மருத்துவமனையில் இருந்த ஒருவரின் இதயத்துடிப்பு அக்கம்பி வழியாக வந்து ஆய்வுக்கூடத்தில் பதிவாயிற்று. முதலில் அவ்வாறு சோதிக்கப்பட்டவர் நோயாளி அல்லர். நல்ல உடல்நலம் உடையவர். நலமான இதயம் எவ்வாறு எழுதும் என்று தெரிந்தால்தான், நோயுற்ற இதயத்தின் மாற்றத்தை அடையாளம் காண முடியும் அல்லவா?

1906ஆம் ஆண்டு ஐந்தோவன் வெளியிட்ட கட்டுரையில் பல்வேறு இதயக் கோளாறுகளின் வரைபடங்கள் இடம்பெற்றன. நேரத்திற்கு முன்பே வரும் துடிப்புகள், மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்சாரம் தடைப்படும் நிலை, தாளமே இல்லாத துடிப்பு ஆகியவை அவற்றுள் சில. மருத்துவர்கள் அதுவரை விரல்நுனியால் உணர்ந்த கோளாறுகள் அப்போது கண்ணுக்குத் தெரிந்தன.

தாளம் தவறிய துடிப்பு

நலமான இதயத்தில் மின்சாரம் ஒழுங்கான வழியில் செல்கிறது. முதலில் மேலறைகள் இரண்டும் தூண்டப்படும். அதனைக் காட்டுவது பி அலை. அடுத்துக் கீழறைகள் தூண்டப்படும். அதனைக் காட்டுபவை கியூ, ஆர், எஸ் அலைகள். பின்னர் கீழறைகள் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும். அதனைக் காட்டுவது டி அலை. இவ்வரிசை மாறாமல், ஏறக்குறைய சம இடைவெளியில் திரும்பத் திரும்ப நிகழும்.

சிலருடைய இதயத்தில் மேலறைகள் சுருங்கி விரியாமல், வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். வரைபடத்தில் பி அலை காணாமற்போய், அந்த இடத்தில் சிற்றலைகள் தோன்றும். ஆர் அலைகளின் இடைவெளி ஒரு முறை குறுகும், மறுமுறை நீளும். மருத்துவர்கள் இதனை மேலறை நடுக்கம் என்கின்றனர். நாடி தாறுமாறாக ஓடுவதைப் பழங்கால மருத்துவர்களும் கண்டிருந்தனர். ஆனால், அதன் காரணம் விளங்கவில்லை.

இங்கிலாந்தின் பெர்ன்லி என்னும் ஆலை நகரில் ஜேம்ஸ் மெக்கன்சி என்னும் மருத்துவர் இருந்தார். அவர் தொழிலாளர் குடும்பங்களுக்கு மருத்துவம் பார்த்தவர். நாடியையும் கழுத்து நரம்பின் துடிப்பையும் மையால் வரையும் கருவியைக் கொண்டு, தம்மிடம் வந்தவர்களின் துடிப்பைப் பதிவுசெய்தார். அதே மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். தாளம் தவறிய துடிப்புகளுள் பல, தீங்கு செய்யாதவை என்று அவர் கண்டார். இடையிடையே ஒரு துடிப்பு முந்தி வருவதால் மட்டும் ஒருவரை நோயாளி ஆக்கிவிடக் கூடாது என்பது அவர் காட்டிய உண்மை.

இலண்டனில் பணியாற்றிய தாமஸ் லூயிஸ், ஐந்தோவனின் கருவியைப் பயன்படுத்தினார். 1909ஆம் ஆண்டு, முற்றிலும் தாறுமாறான நாடிக்கு மேலறை நடுக்கமே காரணம் என்று அவர் விளக்கினார். அதே ஆண்டில் வியன்னா நகர அறிஞர்களும் அம்முடிவுக்கு வந்தனர். லூயிசுக்கும் ஐந்தோவனுக்கும் இடையே நல்ல நட்பு வளர்ந்தது. ஒருவர் கருவியை அறிந்தவர். மற்றவர் நோயாளிகளை அறிந்தவர். ஒருவர் அறிவு மற்றவருக்குத் துணையாயிற்று.

இதற்கிடையில் கருவியும் சிறிதாகத் தொடங்கியது. சார்ல்ஸ் டார்வினின் மகன் ஹோரஸ் டார்வின் நிறுவிய கேம்பிரிட்ஜ் அறிவியல் கருவி நிறுவனம், 1911ஆம் ஆண்டு மேசைமேல் வைக்கக்கூடிய அளவில் அக்கருவியைச் செய்தது. வியப்பு என்னவென்றால், முன்னோடியான வாலரே அதே ஆண்டில், மருத்துவமனைகளில் இதற்குப் பெரும் பயன் இருக்காது, அரிய கோளாறுகளைப் பதிவுசெய்ய எப்போதாவது உதவலாம் என்று கருதினார். காலம் வேறு விதமாகத் தீர்ப்பு எழுதியது.

பரிசும் பண்பும்

1924ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஐந்தோவனுக்கு வழங்கப்பட்டது. செய்தி வெளியானபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். பின்னர் ஆற்றிய நோபல் உரையில், இதய நோய் பற்றிய புதிய அறிவு ஒரு தனி மனிதரின் உழைப்பால் வந்ததன்று, பல நாடுகளைச் சேர்ந்த பலருடைய உழைப்பால் வந்தது என்று அவர் எடுத்துரைத்தார். லூயிசின் பங்களிப்பையும் மனமாரப் பாராட்டினார்.

அவருடைய பண்பை விளக்கும் நிகழ்ச்சி ஒன்றை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். கருவியை உருவாக்கிய காலத்தில் வான் டெர் வூர்ட் என்னும் உதவியாளர் அவருடன் உழைத்தார். பரிசு கிடைத்ததும் அவருக்கும் பங்கு தர வேண்டும் என்று ஐந்தோவன் விரும்பினார். தேடிப் பார்த்தபோது, அவர் இறந்துவிட்டார் என்பது தெரிந்தது. அவருடைய சகோதரிகள் இருவர் வறுமையில் வாழ்ந்துகொண்டிருந்தனர். பரிசுத் தொகையில் ஒரு பாதியை ஐந்தோவன் அவர்களுக்குக் கொடுத்தாராம்.

அவருடைய மகன் வில்லெம் மின்பொறியாளர். தந்தையின் இழைக் கருவியை அவர் வானொலித் தந்தி பெறுவதற்கு ஏற்ப மாற்றியமைத்தார். ஜாவாவின் மலபார் மலையிலிருந்து அனுப்பப்பட்ட தந்திச் செய்திகளை நெதர்லாந்தில் பதிவுசெய்யும் முயற்சியில் தந்தையும் மகனும் சேர்ந்து உழைத்தனர். பத்து வயதில் விட்டுவந்த தீவிலிருந்து வந்த செய்திகளை, முதுமையில் தம் கருவியின் வழியே பெற்றார் ஐந்தோவன். 1927ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் லெய்டன் நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 67.

எல்லாரையும் சோதிக்கலாமா?

ஐந்தோவன் மறைந்த பின்னும் கருவி சுருங்கிக்கொண்டே வந்தது. அமெரிக்காவின் மோண்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்ட்டர், உடலில் அணிந்துகொண்டு நடமாடும்போதே துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியை அமைத்தார். தொடக்கத்தில் அதனை மூட்டையாக முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. பின்னர் சட்டைப்பை அளவுக்கு அது சிறியதாயிற்று. இன்று கைக்கடிகாரமே இதயத்தின் மின்வரைபடத்தை எடுக்கிறது. இரண்டு அறைகளை அடைத்திருந்த கருவி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

அதனால் ஒரு புதிய கேள்வி எழுந்தது. நோயின் அறிகுறி எதுவும் இல்லாத பொதுமக்கள் அனைவரையும் சோதித்து, தாளம் தவறிய துடிப்பு உள்ளவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா?

இக்கேள்வி முக்கியமானது. மேலறை நடுங்கும்போது இரத்தம் அங்கே தேங்குகிறது. தேங்கிய இரத்தம் கட்டியாக உறையக்கூடும். அக்கட்டி மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம் ஏற்படும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகர மக்களை 1948ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு, மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று காட்டியது. இந்நடுக்கம் சிலருக்கு எந்த உணர்வையும் தருவதில்லை. சிலருக்கு வந்து வந்து மறைகிறது. பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் பலருக்கு அது தெரியவருகிறது. முன்பே தெரிந்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பலரைக் காக்க முடியும்.

அப்படியானால் அனைவரையும் சோதிப்பதில் என்ன தடை? இளைஞர்களிடம் இந்நோய் அரிது. நோய் அரிதாக உள்ளவர்களிடையே தேடினால், கிடைக்கும் எச்சரிக்கைகளுள் பல தவறானவையாக இருக்கும். நலமாக இருப்பவர் வீண் அச்சத்துக்கு ஆளாவார். மேலும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். தேவையில்லாதவருக்கு அதனைக் கொடுப்பது தீங்காகும்.

ஆகவே, அறிஞர்கள் இதனைச் சோதித்தே பார்த்தனர். சுவீடன் நாட்டில் 75, 76 வயதினரில் ஒரு பிரிவினர் அழைக்கப்பட்டு, இரண்டு வாரங்களுக்குக் கையடக்கக் கருவியால் தங்கள் துடிப்பைப் பதிவுசெய்தனர். அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் வந்தனர். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அழைக்கப்பட்ட பிரிவினருக்குச் சிறிதளவு நன்மை கிடைத்திருந்தது. டென்மார்க்கில் 70 முதல் 90 வயது வரையிலான 6004 பேரிடம் மற்றோர் ஆய்வு நடைபெற்றது. ஒரு பிரிவினருக்குத் தோலுக்கடியில் சிறு கருவி வைக்கப்பட்டது. அவர்களிடம் மேலறை நடுக்கம் மூன்று மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும், பக்கவாதம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு நடுக்கமும் ஆபத்தானதன்று என்பதை இது உணர்த்தியது. இரண்டு ஆய்வுகளின் முடிவுகளும் 2021ஆம் ஆண்டு வெளிவந்தன.

எனவே, வயது வேறுபாடின்றி அனைவரையும் சோதிப்பதைவிட, 65 வயதைத் தாண்டியவர்கள் எந்தக் காரணத்துக்காக மருத்துவரிடம் வந்தாலும் அவர்களுடைய நாடியைப் பார்ப்பது நல்லது என்று ஐரோப்பிய இதயநோய் வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். நாடி தாறுமாறாக இருந்தால் மின்வரைபடம் எடுத்து மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். உயர் இரத்த அழுத்தமும் இனிப்புநீர் நோயும் இந்நடுக்கத்துக்கு வழிவகுக்கக்கூடியவை. நம் நாட்டில் இவ்விரண்டும் பரவலாக உள்ளன. செனாய் போன்ற ஊர்களில் உள்ள மருந்தகத்துக்கு இரத்த அழுத்தம் பார்க்கவும் மருந்து வாங்கவும் வரும் தாத்தா பாட்டிமார்களுக்கு, மணிக்கட்டில் ஒரு நிமிடம் விரல் வைத்து நாடி பார்ப்பது செலவில்லாத சோதனை.

விரல் கண்டுபிடிக்கும் ஐயத்தைத் தீர்த்துவைப்பது ஐந்தோவனின் ஐந்து அலைகள்தாம். அவர் கருவி செய்ததோடு நிற்கவில்லை. அது காட்டும் கோடு உண்மையானதா என்று பல ஆண்டுகள் சரிபார்த்தார். நலமான இதயத்தின் கோட்டை முதலில் அறிந்துகொண்டு, பிறகுதான் நோயின் கோட்டைத் தேடினார். கைக்கடிகாரம் எழுப்பும் எச்சரிக்கையைக் கண்டு அஞ்சாமலும், அதனை அலட்சியப்படுத்தாமலும், மருத்துவரிடம் சென்று சரிபார்ப்பவர் ஐந்தோவன் காட்டிய வழியிலேயே நடக்கிறார்.